போர் நாவலை எழுதிய கை

அஸ்மாரா நகரத்து இளம் பதிப்பாளர் மெஹாரி அந்தப் போர் நாவலைச் சந்தேகத்தோடு புரட்டினார்.

"டாங்குக்குள்ள இருக்கிற சூடு, நாத்தம், பயம் எல்லாம் அப்படியே இருக்கு. இது பொம்பளை எழுதினது இல்ல."

அதை எழுதிய அப்ரெஹெத் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

மெஹாரி அவள் கணவர் கிதானேயிடம் திரும்பினார். அவருடைய ஊன்றுகோலைப் பார்த்தார்.

"ஐயா, மறைக்காதீங்க. விடுதலைப் போர்ல இருந்தீங்கதானே?"

"கடைசிவரைக்கும் இருந்தேன்."

"கால்ல காயம்?"

"அங்க பட்டதுதான்."

"அப்போ எழுதினது நீங்க. பேரு மட்டும் அவங்களது!"

கிதானே சிரித்தார். "நான் பட்டாளத்துச் சமையல்காரன், தம்பி. பருப்புக் கொப்பரை சரிஞ்சு கால் வெந்துபோச்சு. தான் ஓட்டின டாங்குல என்னை ஏத்திட்டுப் போய்க் காப்பாத்தினவ இவதான்."

அப்ரெஹெத் கோப்பையை வைத்தாள்.

"சமையல் புத்தகம் வேணும்னா சொல்லுங்க. அதை இவர் எழுதுவார்."