இடது கன்னத்தில் லிப்ஸ்டிக்

"இன்னிக்கும் ஒட்டிக்கிட்டு வந்துட்டார், பாருங்க!"

கேஷியர் அம்மா மேனேஜரின் காதைக் கடித்தாள்.

அந்தக் கார் ஷோரூமின் சேல்ஸ்மேனுக்கு இடது கன்னத்தில் பளிச்சென்று ஒரு லிப்ஸ்டிக் முத்தம். ஒரு மாதமாக இதே கூத்து. கல்யாணமான மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? வர்ற கஸ்டமர் காரைப் பாக்கிறதா, உன் கன்னத்தைப் பாக்கிறதா?"

"வீட்டு விஷயம் சார்."

"எந்த வீடுன்னுதான் ஷோரூமே கேக்குது!"

கேஷியர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னிக்கு முதலாளி வர்றார். உன்னை சீனியர் ஆக்கச் சொல்லி நான்தான் சிபாரிசு பண்ணியிருக்கேன். இந்தா டிஷ்யூ. தொடை."

"முடியாது சார்."

"அப்போ சீனியரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போ, குடோன்ல டயரை அடுக்கு!"

டிஷ்யூவை மேஜையிலேயே வைத்துவிட்டுக் குடோனுக்குப் போனார் அவர். முகம் தொங்கிப்போயிருந்தது. கை மட்டும் கன்னத்துக்குப் போகவில்லை.

"திமிரைப் பாரேன்!" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர்.

சாயங்காலம் சேல்ஸ்மேனின் மனைவி தன் மகளோடு வந்தாள். அந்தக் குட்டிக்கு ஐந்து வயதிருக்கும். இடது கன்னம் முழுக்க, கண்ணோரம் வரை, சிவப்புத் திட்டு.

"அங்கிள், எங்கப்பா எங்கே?"

மேனேஜர் குடோனைக் காட்டினார். குட்டி சிட்டாய்ப் பறந்தாள்.

"தீக்காயமாம்மா?"

"இல்ல சார், பொறந்ததுலேர்ந்தே இருக்கு. தோலுக்கு அடியில ரத்தக்குழாய் விரிஞ்சிருக்காம். அபூர்வமா சில குழந்தைங்களுக்கு இப்படி வருமாம். டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் வர்றோம். லேசர் வெச்சா மங்குமாம். முழுசாப் போகுமான்னு சொல்ல முடியலையாம்."

குடோனிலிருந்து ஒரே கூச்சல். "அம்மா, இருக்கு! அப்படியே இருக்கு!"

மேனேஜர் திருதிருவென்று விழித்தார்.

"ஸ்கூல்ல கேலி பண்றாங்கன்னு சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிக்கிட்டா சார். 'அது நீ பொறந்தப்போ அப்பா கொடுத்த முத்தம்டா, நிஜமான பாசத்தோட கொடுத்தா அழியவே அழியாது'ன்னு அவர் சொல்லி வெச்சார். அன்னியோட தேய்க்கிறதை விட்டுட்டா. ஆனா தினமும் காலையில என் லிப்ஸ்டிக்கைப் பூசிக்கிட்டு அவருக்கு ஒரு முத்தம். சாயங்காலம் அவரைப் பாத்ததும் முதல் வேலையா கன்னத்தைத் திருப்பிப் பாக்கிறா சார், தன் பாசம் நிஜந்தானான்னு!"