நடுவில் விழுந்த மடிப்பு

முட்டைக்குள் கோழிக்குஞ்சின் மூளை உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே ஒரே உயிரணுவிலிருந்து பிரிந்த இரண்டு உயிரணுக்கள், அக்காவும் தங்கையுமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். திடீரென்று சுற்றியிருந்த திசு பின்பக்கமாக நகரத் தொடங்கியது.

"அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போ," என்றாள் தங்கை.

"சும்மா நெருக்காதடி. இடம் பாத்துட்டுக் கூப்பிடறேன்," என்று பிடியை உதறிவிட்டு நகர்ந்தாள் அக்கா.

போன இடத்தில் இருவருக்கும் இடம் இருந்தது. கூப்பிடத் திரும்பினாள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதை இனி யாரும் தாண்ட முடியாது.

தங்கை நடுமூளையில் தங்கிப் பார்வைக்கு உதவினாள். சிறுமூளைக்குப் போன அக்கா கால்கள் தடுமாறாமல் கவனித்துக்கொண்டாள்.

பொரிந்த குஞ்சு, தங்கை காட்டிய அரிசியை நோக்கி ஓடியது.

'ஒவ்வொரு அடியும் சரியாத்தான் வைக்கறேன்,' என்று நினைத்தாள் அக்கா. 'அன்னைக்கு ஒரு அடி வைக்காம நின்னிருக்கலாம்.'