எதிரிக்குப் போர்த்திய கொடி

எதிரியின் பிணத்துக்காகத் திருமுருகன் சார் கண் கலங்கினார். திண்டிவனத்தில் அந்தக் கோச்சிங் சென்டரில் இருந்த நாற்பது பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"ரெண்டே பேர் உட்கார்ற குட்டி நீர்மூழ்கி. அந்த மாதிரி மூணு, 1942-ல சிட்னி துறைமுகத்துக்குள்ள பூந்துச்சு. ஜப்பான்காரன் விட்ட டார்பிடோவுல ஒரு கப்பல் மூழ்கி, இருபத்தொரு மாலுமிங்க செத்தாங்க. அப்புறம் ரெண்டு நீர்மூழ்கியை வெளிய எடுத்தா, உள்ள நாலு ஜப்பான்காரங்க பொணம். என்ன பண்ணியிருப்பாங்க?"

"கடல்லயே வீசியிருப்பாங்க சார்."

"இல்ல. ஆஸ்திரேலியாக்காரங்க ஜப்பான் கொடியையே போத்தி, துப்பாக்கி முழங்க, ராணுவ மரியாதையோட தகனம் பண்ணாங்க. செத்தவன்கிட்ட என்னய்யா பகை?"

கலையரசி அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். அவளுக்கு சார் என்றால் உயிர். இரண்டு பேருக்கும் பெருமுக்கல் பக்கம் ஒரே ஊர். நோட்ஸ் வாங்க அவர் வீட்டுக்குப் போனால்கூட, அவளை உள்ளே அலையவிடாமல் அவரே வாசல் கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்.

போன் அதிர்ந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் இனியவன்.

"அப்பா போயிட்டாரு கலை."

அழுகைக்கு முன்னால் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. காலனியில் யார் செத்தாலும் ஊர்த் தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது, வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். பிணத்துக்கு ஏது சாதி என்று கேட்டால், தெருவுக்கு இருக்கிறது என்பார்கள்.

போன ஐப்பசியில் அத்தையின் பாடை சேற்றில் சரிந்து, உடம்பைத் தண்ணீரில் துழாவி எடுத்தார்கள். "என்னையாவது ரோட்டுல கொண்டு போங்க" என்று அப்பா கேட்டிருந்தார். அந்தத் தெருவுக்குத் தார் ஊற்றியதே அவர்தான்.

நோட்டை மூடிவிட்டு நேரே சாரிடம் போய் நின்றாள்.

"தெருவுல விடமாட்டாங்க சார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும்."

"நீ முன்னாடி போம்மா. நான் வந்துடறேன்."

சாயங்காலம் பாடை தெருமுனையில் நின்றது. குறுக்கே ஒரு டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு போட்ட ரோடு இது. அதுல அவரு போவக்கூடாதா?" இனியவன் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றான்.

"போட்டதுக்குத்தான் கூலி வாங்கிக்கினாரே," என்றார் டிராக்டரில் சாய்ந்திருந்தவர். "சார் வரட்டும். பேசிக்கலாம்."

"போலீசுக்குப் போன் போடறேன் கலை."

"வேணாண்ணா. சார் வர்றேன்னு சொல்லியிருக்காரு." கலையரசி பல்லைக் கடித்துக்கொண்டாள். வரட்டும். அவர் பேசியபிறகு இவர்கள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள் என்று பார்க்கத்தான் போகிறாள்.

சாரின் பைக் வந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாடைக்கு முன்னால் நின்று கும்பிட்டார். காலையில் கலங்கியது போலவே கண் கலங்கியிருந்தது. இனியவன் பாடையைத் தோளுக்கு ஏற்றக் குனிந்தான்.

சார் கலையரசியிடம் திரும்பினார்.

"செத்தவருகிட்ட நமக்கு என்னம்மா பகை? வாய்க்கா வழியா தூக்கிக்கினு போங்க."