அமைச்சரின் மேல் எட்டு உயிர்கள்

திருவாளர் இருளாண்டிப் பெருச்சாளியார், வயது இரண்டு ஆண்டு ஏழு மாதம், சினிமாக் கொட்டகை ஒன்றின் திரைக்கு அடியில் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். போர்ப் படங்களும் ஊழல் படங்களுமாக நூற்றுப் பத்தைப் பார்த்து, அரசாங்கம் என்றாலே மீசை சிலிர்க்கும் நிலையை எய்தியிருந்தார்.

ஒரு மழைநாளில், அரசாங்கச் சேவகரான தவளையார் தோணியோடு வந்தார். "ஐயா, ஏரி உடையப்போகுது. குடும்பத்தோட ஏறுங்க!"

"மக்கள் நலன்னு ஆரம்பிப்பீங்க, இடைவேளைக்கு அப்புறம் என் பொந்தை வித்துடுவீங்க. போய்யா!"

சற்று நேரத்தில் வெள்ளம் பொந்துக்குள் புகுந்தது.

"பயப்படாதே பவளாயி, இது லாரியில கொண்டுவந்து ஊத்துற ஷூட்டிங் தண்ணி" என்றார்.

"படத்துத் தண்ணி நனைக்காதுங்க! புள்ளைங்க ஆறும் நடுங்குது!" என்று மனைவி கதறினாள்.

பெருச்சாளியார் கலங்கினார். ஆயினும், இன்னும் போகாமல் காத்திருந்த தவளையாரின் தோணியில் ஏற மனம் ஒப்பவில்லை. கொட்டகை வாசலில் சாய்ந்து மிதந்த பலகைக் கட்-அவுட்டில் குடும்பத்தை ஏற்றித் தாமும் ஏறினார். அது, புதுப்படத்தில் நாட்டையே விற்கும் அமைச்சரின் உருவம்.

தவளையார் தலையில் அடித்துக்கொண்டு நீரில் குதித்தார். பலகையைப் பின்னாலிருந்து மேடுவரை தள்ளிச் சேர்த்தார்.

கரையேறிய பெருச்சாளியார் அமைச்சரின் வண்ணப் பாதங்களில் விழுந்து, "தங்களைத் தவறாக எண்ணிவிட்டேன், பிரபுவே!" என்று கண்ணீர் உகுத்தார். பிறகு, மூச்சிரைத்துக் கிடந்த தவளையாரைக் கண்டு மனைவியின் காதைக் கடித்தார்: "பார்த்தியா, இங்கேயும் வேவு பார்க்க வந்துட்டான்."

இவ்விவகாரம் இவ்வாறு தீர்ந்தது ஐப்பசி பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை.