சுவரில் இருந்த முகவரி

ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களை வைத்திருந்த இணையதளம் ஒன்று புது முகவரிக்குக் குடிபோனது. பழைய முகவரியிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில் அது, வந்தவர்களை எல்லாம் "இங்கே ஒன்றும் இல்லை, போ" என்று விரட்டியது.

ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரியில் யாரோ கைபேசியில் தட்டிய கோரிக்கை ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே, ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும். பிரசவத்துக்கு வந்த பொண்ணு, ரொம்ப ஆபத்தா இருக்கு. ஆஸ்பத்திரிச் சுவத்துல உங்க பேர்தான் எழுதியிருக்கு."

"என் பேரா? இன்னும் அழிக்கலையா?"

"பெரிய எழுத்துல இருக்கு அண்ணே."

பழைய முகவரி கோரிக்கையின் கையைப் பிடித்து, புது முகவரியின் வாசலிலேயே கொண்டுபோய் விட்டது.

மத்தியானம் புது முகவரி கூப்பிட்டது.

"ரத்தம் கிடைச்சிடுச்சு அண்ணே. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அந்தப் பொண்ணோட புருஷன் சுவத்துல உங்க பேரைத் தொட்டுக் கும்பிட்டாராம். நீங்க இல்லேன்னா எங்கிட்ட யார் வரப்போறா?"

பழைய முகவரி தன் வாசலை எட்டிப் பார்த்தது.

"சொல்லாமக் கொள்ளாமத் தளத்தைக் கூட்டிட்டுப் போனியே, அதை நான் மறக்க மாட்டேன்" என்றது. "சரி, ஏ பாசிட்டிவ் கேட்டு ஒருத்தர் வந்திருக்கார். கூட்டிட்டு வர்றேன், கதவைத் திறந்து வை."