சீட்டு வீட்டுக்குத்தான்

எம்.எல்.ஏ. காலமாகி, அஞ்சலி போஸ்டரில் பசை காய்வதற்குள் கவுன்சிலர் கட்சித் தலைவரைப் பார்க்க ஓடினார். திரும்பி வந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எம்.எல்.ஏ. சீட்டு வீட்டுக்குத்தான்னு தலைவரே சொல்லிட்டாருடி! ஒரு வீட்டுக்கு ஒரு பதவிதானாம். கவுன்சிலர் பதவிய அங்கேயே ராஜினாமா பண்ணிட்டேன்."

தண்ணீர் வரவில்லை என்று வாசலில் நின்றவர்களுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு மனைவி உள்ளே வந்தாள். கவுன்சிலர் தூங்கும்போது, அதாவது பெரும்பாலும், வார்டை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"அவசரப்பட்டுட்டீங்களே! அவர் சொன்னத ஒழுங்கா கேட்டீங்களா?"

"எனக்கென்ன காது செவிடா? போய் வெள்ளைச் சட்டையத் தேய்ச்சு வை. போட்டோ எடுக்க வருவாங்க."

போன் அடித்தது. தலைவரின் உதவியாளர்.

"அண்ணே, வேட்பாளர் பேரை அறிவிக்கப் போறோம். வீட்ல இருக்காங்களா?"

"வீட்லதாம்பா இருக்கேன், சொல்லு."

"ஐயோ, நீங்க இல்லண்ணே. வீட்ல... அண்ணி! அவங்கதானே வேட்பாளர்? போனைக் குடுங்க."

முன்னாள் கவுன்சிலர் போனை நீட்டினார்.

பேசி முடித்தவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சட்டையோட என் புடவையையும் தேய்ச்சிடுங்க. போட்டோ எடுக்க வருவாங்க."