கைகுலுக்கல்

எங்கள் சபையில் பாதிரி இல்லை, பாட்டு இல்லை; எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்போம். யாருக்குள் வார்த்தை வருகிறதோ அவர் எழுந்து பேசலாம். இன்று இதுவரை என் வயிறு மட்டும்தான் பேசியிருக்கிறது. பின்னறையில் பீன்ஸ் சோறு சூடாகிற வாசனை எனக்குக் கடவுளைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மலைப்பனியில் ஒரு வேன் நிற்கிறது. அதற்குள் எங்கள் சபைப் பெண் ஹல்டாவின் மகனுடைய சவப்பெட்டி. துப்பாக்கி தொட மாட்டோம் என்று சிறைக்குப் போனவர்கள் கட்டிய சபை இது. அவனோ வடக்கே, அவர்கள் விட்டு வந்த நாட்டுக்கே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன். ஹல்டா எழுந்து நிற்கிறார். கையில் மகனின் பட்டாளத் தொப்பி. “நம்ம கல்லறைத் தோட்டத்துல, அவன் அப்பா பக்கத்துல…” என்று தொடங்குகிறார். முன்பெஞ்சில் பெரியவர் லின்ட்லி சட்டென்று பக்கத்திலிருப்பவரின் கையைக் குலுக்குகிறார். அவர் கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது. பெஞ்சுகள் கிரீச்சிடுகின்றன. எல்லோரும் சிரித்த முகத்தோடு ஹல்டாவைச் சூழ்ந்து கைநீட்டுகிறார்கள். “என்ன குளிரு பாத்தியா!” “வாழைப்பழக் கேக் செஞ்சிருக்கேன், ரெண்டு துண்டாவது சாப்பிடணும்.” இத்தனை பேருக்கும் கைகொடுத்ததில் தொப்பி தரையில் விழுகிறது. யாரோ அதை எடுத்துத் தூசி தட்டி, சின்னம் கீழே போகும்படி பெஞ்சில் கவிழ்த்து வைக்கிறார். “இங்க யாரும் உனக்கு முடியாதுன்னு சொல்லலையே, ஹல்டா,” என்கிறார் லின்ட்லி, தேனாக. என் முறை வருகிறது. நான் நீட்டிய கையை ஹல்டா விட மறுக்கிறார். “நீயாவது அவங்ககிட்ட கேளேன்.” எனக்குள் வார்த்தை வருகிறது, நிஜமாகவே தொண்டைவரை வருகிறது. “சோறு ஆறிடும், வா,” என்கிறேன்.